சட்டையின் விலை 9 பவுண்டு 15 பென்ஸ்

சீனாவில் மேல்நிலைப் பள்ளியை முடித்த யாரிடமாவது "சட்டை என்ன விலை?" என்று ஆங்கிலத்தில் கேட்டுப் பாருங்கள். 9 பவுண்டு 15 பென்ஸ் என்று பதில் வந்துவிடும். அந்தச் சட்டையை அவர்கள் பார்த்ததும் இல்லை, அந்தக் கடைக்குப் போனதும் இல்லை. கல்லூரி நுழைவுத் தேர்வின் ஆங்கிலத் தாளில், காதால் கேட்டு விடை எழுதும் பகுதி தொடங்கும் இடத்தில், மாதிரிக்கென்று அச்சடிக்கப்பட்டிருக்கும் கேள்வி அது. "ஹவ் மச் இஸ் த ஷர்ட்?" 19.15, 9.18, 9.15 என்று மூன்று விடைகள் இருக்கும். சட்டையின் விலை 9 பவுண்டு 15 பென்ஸ், ஆகவே மூன்றாவதைத் தேர்ந்தெடுத்துத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு குரல் விளக்கம் சொல்லும். ஆண்டுக்கு ஆண்டு தாள் மாறும், உரையாடல்கள் மாறும், இந்தச் சட்டை மட்டும் மாறாது.

ஆனால் அந்த விளக்கம் ஓடிக்கொண்டிருக்கும்போது கூடத்தில் அநேகமாக யாரும் அதைக் கேட்பதில்லை. அந்தச் சில நொடிகளில் எல்லார் கண்ணும் முதல் ஐந்து கேள்விகள் மேல் இருக்கும். குரல் சட்டையைப் பற்றிப் பேசும்போது நீ கேள்வியைப் படித்து முடி என்று ஆசிரியர்கள் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஒரு மொழியைக் கேட்கும் திறனைச் சோதிக்கும் தேர்வில் முதலில் கற்றுத் தரப்படுவது எந்த இடத்தில் கேட்காமல் இருக்கலாம் என்பதுதான். பிள்ளைகளையோ ஆசிரியர்களையோ குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர்கள் இடத்தில் யார் இருந்தாலும் இதையேதான் செய்வார்கள். தேர்வு எப்படி அமைந்திருக்கிறதோ அப்படித்தான் படிப்பும் அமையும் என்பதற்குச் சீனப் பள்ளிகளின் ஆங்கிலத்தைப் போல ஒரு தெளிவான உதாரணத்தை நான் பார்த்ததில்லை, அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் தேர்வைப் பற்றிக் கொஞ்சம். காவ்காவ் என்பது அதன் பெயர். ஆண்டுதோறும் ஜூன் 7-ஆம் தேதி தொடங்கும். 2024-இல் பதிவு செய்தவர்கள் 1 கோடியே 34 லட்சம் பேர். மொத்தம் 750 மதிப்பெண், அதில் சீன மொழிக்கு 150, கணிதத்துக்கு 150, அந்நிய மொழிக்கு 150. அந்நிய மொழி என்றால் ரஷ்யன், ஜப்பானியம் என்றும் எடுக்கலாம், ஆனால் பெரும்பாலானவர்களுக்கு அது ஆங்கிலம்தான். 8-ஆம் தேதி மாலை 3 மணிக்குத் தொடங்கி 5 மணிக்கு முடிகிற தாள்.

கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் நின்றுபோயிருந்த காவ்காவ் 1977 டிசம்பரில் மீண்டும் நடந்தபோது ஆங்கிலத்துக்கு இந்த இடம் கிடையாது. ஆங்கில ஆசிரியரே இல்லாத பள்ளிகள் நாடு முழுக்க இருந்தன, எல்லாரும் எழுதியாக வேண்டும் என்று சொன்னால் கிராமத்துப் பிள்ளைகள் அதோடு முடிந்தார்கள். அதனால் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள்: 1979-இல் ஆங்கிலத்தில் வாங்கிய மதிப்பெண்ணில் 10 சதவீதம் மட்டும் கணக்கில் சேர்ந்தது, அடுத்த ஆண்டு 30, அப்புறம் 50, 70 என்று ஏறி 1983-இல்தான் முழுதாகச் சேர்ந்தது. யாரும் பின்தங்கிவிடக் கூடாது என்ற கவலை அந்த ஏற்பாட்டில் தெரிகிறது. அந்தக் கவலை பின்னால் இன்னொரு வடிவத்தில் வரும், அதைப் பிறகு சொல்கிறேன்.

1985-இல் குவாங்டொங் மாகாணத்தில் தேர்வையே புதிதாக வடிவமைத்துப் பார்த்தார்கள். குவாங்சோ அந்நிய மொழிக் கழகத்தைச் சேர்ந்த குய் ஷிச்சுன் போன்ற மொழியியலாளர்கள் அதில் முன்னின்றார்கள். பாடப்புத்தகத்தை மனப்பாடம் செய்து, மொழிபெயர்த்து, விதியை ஒப்பித்துக் கொண்டிருந்த வகுப்பறையை மாற்ற வேண்டும் என்பது அவர்கள் ஆசை. மொழியை எப்படிப் பயன்படுத்துகிறாய் என்று தேர்வு கேட்டால் வகுப்பறை தானாக மாறும் என்று நம்பினார்கள். ஓரளவு மாறவும் செய்தது, பிள்ளைகள் பாடப்புத்தகத்துக்கு வெளியே படிக்க ஆரம்பித்தார்கள். ஆனால் தேர்வு என்ன கேட்கிறதோ அதை அப்படியே பயிற்சியாக்கிவிடும் திறமை வகுப்பறைக்கு உண்டு, அதற்குக் கொஞ்ச காலம் பிடித்தது, அவ்வளவுதான்.

இப்போதைய தாளில் கேட்டல் பகுதிக்கு 30 மதிப்பெண், 20 கேள்வி, ஏறக்குறைய 20 நிமிடம். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் இது பரவலாக வந்தது. முதலில் ஐந்து குட்டி உரையாடல்கள், ஒருமுறைதான் ஒலிக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி. உரையாடல் முடிந்ததும் 10 நொடி தருவார்கள், அதற்குள் விடையைக் குறித்துவிட்டு அடுத்த கேள்வியையும் படித்துவிட வேண்டும். பிறகு சற்று நீளமான ஐந்து ஒலிப்பதிவுகள், அவை இரண்டு முறை ஒலிக்கும், கேள்விகள் 15. எல்லாம் முடிந்ததும் விடைகளை விடைத்தாளின் கட்டங்களில் 2பி பென்சிலால் நிரப்ப 2 நிமிடம்.

உதாரணத்துக்கு நானே ஒன்று எழுதிப் பார்க்கிறேன். ஒரு பெண் கேட்கிறாள்: "நீ நூலகத்துக்குப் போயிருப்பாய் என்று நினைத்தேனே?" அவன் சொல்கிறான்: "போகத்தான் கிளம்பினேன், ஆனால் இன்று மூடியிருந்தார்கள். வழியில் லீயைப் பார்த்தேன், இரண்டு பேரும் டீ குடிக்கப் போய்விட்டோம்." கேள்வி: அவன் எங்கே போனான்? நூலகம், லீயின் வீடு, டீக்கடை. ஆங்கிலம் தெரிந்தவருக்கு இது ஒரு கேள்வியே இல்லை. ஆனால் பதற்றத்தில் ஒருமுறை மட்டும் கேட்கும் பிள்ளைக்குக் காதில் பளிச்சென்று விழுவது நூலகம்தான். அதனால் பயிற்சியில் இரண்டு விஷயம் சொல்லித் தருவார்கள். ஒன்று, "பட்" என்ற சொல் வந்தால் காதைத் தீட்டிக்கொள், விடை அதற்குப் பின்னால்தான் வரும். இரண்டாவது, காதில் விழுந்த சொல் அப்படியே விடையாக அச்சாகியிருந்தால் பெரும்பாலும் அதைத் தேர்ந்தெடுக்காதே. இரண்டும் வேலை செய்கிற சூத்திரங்கள். பேசுகிறவர் என்ன சொல்ல வருகிறார் என்பதைப் பிடிக்காமலே இவற்றை வைத்து மதிப்பெண் வாங்கிவிட முடியும் என்பதுதான் என் வருத்தம்.

உண்மையில் சீனப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கேட்பது எங்கே கஷ்டம்? சொல் தெரியாததால் மட்டும் இல்லை. 3,500 சொல் என்று ஒரு பட்டியலே உண்டு, அதைக் கையில் வைத்துக்கொண்டு காலையில் நின்றபடி உரக்க ஒப்பிப்பார்கள். தாளில் பார்த்தால் தெரிகிற சொல், காதில் விழும்போது அடையாளம் தெரியாமல் போகிறது. சீனாவின் பொதுமொழியான மாண்டரினில் ஓர் அசை உயிரில் முடியும், இல்லையென்றால் "ன்", "ங்" போன்ற மூக்கொலியில் முடியும், மிஞ்சிப் போனால் ஒரு "ர்" சேரும். "கோல்ட்", "கோட்", "கோட்ஸ்" என்று வார்த்தையின் கடைசியில் மெய்யெழுத்துகள் முட்டிக்கொண்டு நிற்பது அந்தக் காதுக்குப் பழக்கமில்லை. நமக்கும் இது புரியும், நாமே "கோட்டு", "பஸ்ஸு" என்று ஒரு உகரத்தைச் சேர்த்துத்தானே பேசுகிறோம். இன்னொன்று, சீனத்தில் பெரும்பாலும் ஒவ்வொரு அசைக்கும் தனி எடையும் தனித் தொனியும் உண்டு. ஆங்கிலத்திலோ முக்கியமில்லாத சொற்கள் கரைந்துவிடும். "ஷுட் ஹாவ் டோல்ட் ஹெர்" என்பது வேகத்தில் "ஷுடவ் டோல்டர்" என்று வரும், அதில் "ஹாவ்" எங்கே போனது, "ஹெர்" எங்கே போனது என்று தேடுவதற்குள் அடுத்த வாக்கியம் கடந்துவிடும். ஃபிஃப்டீனா ஃபிஃப்டியா என்ற பழைய சிக்கலும் உண்டு, ஆனால் அதையெல்லாம் ஒரு மாதப் பயிற்சியில் சரி செய்துவிடலாம். கரைந்துபோன சொற்களைக் கேட்கப் பழக வருடங்கள் ஆகும்.

தேர்வில் ஒலிக்கும் குரல்களோ பதிவுக்கூடத்தில் உட்கார்ந்து நிறுத்தி நிதானமாகப் பேசியவை. ஒருவர் முடித்த பிறகுதான் மற்றவர் தொடங்குவார். யாரும் குறுக்கே பேச மாட்டார்கள், இருமுவதில்லை, சொல்ல வந்ததைப் பாதியில் மாற்றுவதில்லை. நாடு முழுவதற்கும் நியாயமாக இருக்க வேண்டும் என்றால் அப்படித்தான் செய்தாக வேண்டும், அது புரிகிறது. நகரத்துப் பள்ளியில் நல்ல ஒலிபெருக்கி இருக்கும், ஊர்ப்புறப் பள்ளியில் கரகரக்கும், கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு வேறு மாதிரிக் கேட்கும். தேர்வு நாளில் பள்ளிகளைச் சுற்றிக் கட்டட வேலையை நிறுத்துகிறார்கள், ஹார்ன் அடிக்கக் கூடாது என்று போலீஸ் நிற்கிறது. (தென் கொரியாவில் கேட்டல் பகுதி நடக்கும் நேரத்தில் விமானங்களையே இறங்கவும் ஏறவும் விடுவதில்லை.) இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்த பிறகு கிடைப்பது, அமைதியான அறையில் தெளிவான குரலைக் கேட்கத் தெரிகிறதா என்ற ஒரு விடை.

இனி இலக்கணத்துக்கு வருகிறேன். கேட்டலைவிட இங்கேதான் சுவாரசியமான மாற்றங்கள் நடந்திருக்கின்றன.

நீண்ட காலம் இலக்கணம் என்றால் தனித்தனி வாக்கியம், ஒரு கோடிட்ட இடம், நான்கு விடை, ஒன்றைத் தேர்ந்தெடு என்பதுதான். 15 கேள்வி. ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் சம்பந்தம் இருக்காது. 2014-இல், பல மாகாணங்களுக்குப் பொதுவான தேசியத் தாளில் இதை எடுத்துவிட்டு வேறொன்றைக் கொண்டுவந்தார்கள். குவாங்டொங்கில் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அது வழக்கத்தில் இருந்தது. ஒரு முழுப் பத்தியைக் கொடுப்பார்கள், அதில் பத்துக் கோடிட்ட இடங்கள், தேர்ந்தெடுக்க விடைகள் கிடையாது, நீயே எழுத வேண்டும். பெரும்பாலான இடங்களில் அடைப்புக்குள் ஒரு வேர்ச்சொல் இருக்கும், அதைச் சரியான வடிவத்துக்கு மாற்றணும். மீதி இடங்களில் அதுவும் இருக்காது, ஒரு முன்னிடைச்சொல்லோ ஓர் "எ", "த" போன்ற சுட்டோ தானாகத் தோன்ற வேண்டும். ஒரு இடத்துக்கு 1.5 மதிப்பெண். பத்தியின் பொருள் அநேகமாகச் சீனாவைச் சுற்றியே இருக்கும்: 2022-இல் ராட்சத பாண்டா தேசியப் பூங்கா, 2023-இல் சூப் நிரப்பிய ஷியாவ்லொங்பாவ் கொழுக்கட்டை.

இதில் ஒரே ஓர் இடத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம், இதுவும் நான் எழுதியதுதான். "த டீ லீவ்ஸ், ____ பை ஹேண்ட் இன் ஸ்பிரிங், ஆர் ட்ரைட் ஸ்லோலி." அடைப்புக்குள் "பிக்" என்று இருக்கிறது. சொல் சின்ன வகுப்பிலேயே தெரியும். ஆனால் பிள்ளை இப்போது வரிசையாக யோசிக்கணும்: வாக்கியத்தில் முக்கிய வினை ஏற்கெனவே இருக்கிறதா? "ஆர் ட்ரைட்" இருக்கிறது. அப்படியானால் இன்னொரு முக்கிய வினை இங்கே வரக் கூடாது, இது வேறு ஏதோ வடிவம். இலை பறிக்கிறதா, பறிக்கப்படுகிறதா? பறிக்கப்படுகிறது. ஆகவே "பிக்ட்".

நமக்கு "வசந்தத்தில் கையால் பறித்த இலைகள்" என்று சொல்வதில் என்ன கஷ்டம்? இலைக்கு முன்னால் "பறித்த" என்று ஒரு பெயரெச்சத்தைப் போட்டால் தீர்ந்தது. சீனத்திலும் அப்படியேதான். எவ்வளவு நீளமான விளக்கமாக இருந்தாலும் பெயருக்கு முன்னால் வரும், நடுவில் "த" என்று ஒரு சிறு ஒட்டு. "நேற்று வந்த பையன்" என்பதைத் தமிழனும் சீனனும் ஒரே வரிசையில்தான் சொல்கிறார்கள். ஆங்கிலம் மட்டும் பையனை முதலில் நிறுத்திவிட்டு அவனைப் பற்றிய கதையைப் பின்னால் கட்டி இழுத்துவரும். இந்த ஒரு விஷயத்துக்காகச் சீன மேல்நிலைப் பள்ளிகளில் எத்தனை வாரங்கள் போகின்றன என்பதைப் பார்த்தால் நம் பிள்ளைகள் "ஹூ", "விச்" இடத்தில் தடுமாறுவதும் புரிந்துவிடும்.

ஆனால் காலம் காட்டுவதில் நாமும் அவர்களும் வேறு வேறு. போனான், போகிறான், போவான் என்று நமக்கு வினையே காலத்தைச் சொல்லிவிடும், ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடும். சீன வினை மாறவே மாறாது. நேற்று போ, நாளை போ, அவள் போ, அவர்கள் போ. நடந்து முடிந்ததைக் காட்ட "ல" என்று ஒரு சின்ன ஒட்டு உண்டு, அதுவும் காலத்தைவிட முடிந்ததா இல்லையா என்பதைத்தான் காட்டும். ஆகவே "ஷீ கோஸ்" என்பதில் வரும் அந்தக் கடைசி "ஸ்" விதியாகத் தெரியும், எழுதும்போது யோசித்துப் போட்டும் விடுவார்கள், பேசும்போது கழன்று விழுந்துவிடும். "ஹி", "ஷி" குழப்பமும் இப்படித்தான். இரண்டுக்கும் பேச்சில் "தா" என்ற ஒரே சொல், எழுத்தில் மட்டும் வேறு. "பிகாஸ்" என்று தொடங்கினால் நடுவில் ஒரு "ஸோ" வந்தே தீரும், ஏனென்றால் சீனத்தில் அவை பெரும்பாலும் ஜோடியாக வரும். "ஆல்தோ" போட்டால் "பட்" போடுவார்கள். கேள்வித்தாள் தயாரிப்பவர்களுக்கு இந்தப் பட்டியல் அத்துப்படி, ஆசிரியர்களுக்கும் அத்துப்படி.

அதனால்தான் பழைய தாளில் இருந்த பிழை திருத்தம் என்ற பகுதி கடைசியில் பட்டியல் வேட்டையாகிவிட்டது. ஒரு மாணவர் எழுதியது போல ஒரு பத்தி, அதில் பத்துப் பிழை, ஒவ்வொன்றும் ஒரே சொல்லில் சரியாகும். விட்டுப்போன சொல்லுக்குக் கூரை போல ஒரு குறி, வேண்டாத சொல்லுக்குக் குறுக்கே ஒரு கோடு. எனக்குத் தனிப்பட்ட முறையில் இந்தப் பகுதி பிடிக்கும், தான் எழுதியதைத் தானே திருத்துவதுதான் எழுதத் தெரிவதில் பாதி. ஆனால் பிள்ளைகள் பத்தியைப் படிக்காமலே காலம் ஒன்று, பன்மை ஒன்று, "ஹி ஷி" ஒன்று, சுட்டு ஒன்று என்று எண்ணிக்கொண்டே தேடக் கற்றுக்கொண்டார்கள். புதிய தாளில் அது இல்லை. அதற்குப் பதிலாக ஒரு கதையின் முதல் பாதியைக் கொடுத்து மீதியை எழுதச் சொல்கிறார்கள், 25 மதிப்பெண். பிழை திருத்தத்தை எடுத்தது சரிதான் என்றே நினைக்கிறேன்.

எழுத்தைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றை விட முடியவில்லை. பிள்ளைகளின் விடைத்தாள்களை ஸ்கேன் செய்து கணினித் திரையில் பார்த்துத்தான் திருத்துகிறார்கள். திரையில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக அச்செழுத்துப் போலவே உருண்டையாக, சம இடைவெளியில் ஆங்கிலம் எழுதும் ஒரு பாணி பிறந்து நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. கடுமையான பயிற்சிக்குப் பேர்போன ஹெங்ஷுய் பள்ளியின் பெயராலேயே அதை ஹெங்ஷுய் எழுத்து என்கிறார்கள். அதற்கென்று தனிப் பயிற்சி நோட்டுகள் விற்கின்றன.

சரி, முன்னால் சொன்ன கவலைக்கு வருகிறேன். கேட்டல் பகுதியை எல்லாருக்கும் கட்டாயமாக்கினால் நல்ல ஒலிக் கருவியும், நன்றாகப் பேசும் ஆசிரியரும் இல்லாத ஊர்ப்புறப் பிள்ளைகள் அடிபடுவார்கள். இதை மனதில் வைத்து ஹெனான் உட்படச் சில மாகாணங்களில் பல ஆண்டுகள் கேட்டல் மதிப்பெண்ணை மொத்தத்தில் சேர்க்கவே இல்லை. தேர்வு நடக்கும், மதிப்பெண் குறிப்புக்காக மட்டும் கல்லூரிக்குப் போகும், மீதி 120-ஐ 1.25 ஆல் பெருக்கி 150 ஆக்கிவிடுவார்கள். நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆனால் சீனாவிலேயே மிக அதிகமான பிள்ளைகள் காவ்காவ் எழுதும் மாகாணம் ஹெனான். மதிப்பெண் இல்லாததை எந்தப் பள்ளி சொல்லித் தரும்? அந்த நேரத்தையும் இலக்கணத்துக்கும் வாசிப்புக்கும் திருப்பிவிடுவார்கள். ஆங்கிலம் வகுப்பில் பேசப்படும் நகரத்துப் பிள்ளைக்கு இதனால் இழப்பில்லை, தேர்வுக்காகவாவது அதைக் காதால் கேட்டிருக்கக்கூடிய பிள்ளைக்குத்தான் அந்த வாய்ப்பும் போனது. பின்தங்கியவர்களைக் காப்பாற்றப் போட்ட விதி அவர்களை இன்னும் பின்னால் தள்ளியது என்றே எனக்குத் தோன்றுகிறது.

பெய்ஜிங் வேறு வழியில் போயிருக்கிறது. அங்கே கேட்டலும் பேச்சும் தனியாகக் கணினியில் நடக்கும், கேட்டலுக்கு 30, பேச்சுக்கு 20. இரண்டு வாய்ப்புகள் உண்டு, எது அதிகமோ அது சேரும். ஒரு நாள் காய்ச்சல், ஒரு நாள் பதற்றம் என்று மூன்று வருட உழைப்பு போய்விடாது. எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது. ஆனால் இரண்டு முறை என்றதும் இரண்டு தாளும் ஒரே கடினத்தில் இருக்க வேண்டும் என்ற புதுச் சிக்கல் வருகிறது. செஜியாங் மாகாணம் அதில் மாட்டியது. அங்கே ஆங்கிலத்தை ஆண்டுக்கு இரண்டு முறை எழுதலாம். 2018 நவம்பரில் நடந்த தாள் முந்தையதைவிடக் கஷ்டமாக அமைந்துவிட்டது என்று கருதி, வாசிப்பிலும் எழுத்திலும் சில கேள்விகளுக்கு மட்டும் மதிப்பெண்ணைப் பெருக்கிக் கொடுத்தார்கள், அதுவும் தேர்வு முடிந்த பிறகு, யாருக்கும் முன்கூட்டிச் சொல்லாமல். முடிவுகளைப் பார்த்த பெற்றோர்கள் கொதித்துப்போனார்கள். விசாரணை நடந்தது, சில நாட்களிலேயே அந்தப் பெருக்கலை ரத்து செய்து பிள்ளைகள் உண்மையில் வாங்கிய மதிப்பெண்ணையே திரும்பக் கொடுத்தார்கள், மாகாணக் கல்வித் துறைத் தலைவர் பதவி இழந்தார். ஒரே ஒரு மதிப்பெண்ணில் ஆயிரக்கணக்கானவர்கள் வரிசையில் மேலும் கீழும் நகரும் நாட்டில் இது சின்ன விஷயமில்லை. நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள் ஏன் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்தன என்பதற்கும் இதுதான் காரணம்: அவற்றில் யாரும் சண்டை போட முடியாது.

ஆங்கிலத்தின் எடையையே குறைத்துவிடலாம் என்ற பேச்சும் அடிக்கடி எழும். 2013-இல் பெய்ஜிங் 150-ஐ 100 ஆகக் குறைக்க ஒரு வரைவை வெளியிட்டது, நடைமுறைக்கு வரவில்லை. வருடக்கணக்காகப் படித்தும் ஒரு வெளிநாட்டுக்காரரிடம் நான்கு வார்த்தை பேச வரவில்லையே, பிறகு எதற்கு என்பதுதான் அந்தக் கோபத்தின் அடி. இதற்குச் சீனத்தில் ஒரு சொல்லே இருக்கிறது, ஊமை ஆங்கிலம் என்று. படிக்கும், எழுதும், கோடிட்ட இடத்தைச் சரியாக நிரப்பும், வாய் மட்டும் திறக்காது. காவ்காவ் கட்டுரைகளில் "நீ லீ ஹுவா என்று வைத்துக்கொள்" என்றுதான் கேள்வி தொடங்கும். தலைமுறை தலைமுறையாக எல்லாப் பிள்ளைகளும் லீ ஹுவாவாகி வெளிநாட்டு நண்பருக்குக் கடிதம் எழுதிக் கொண்டிருக்கிறார்கள், அந்த நண்பரோடு ஒரு முறையும் பேசியதில்லை.

குவாங்டொங்கில் 2011 முதல் பேச வைக்கிறார்கள். கேட்டலும் பேச்சும் சேர்ந்த கணினித் தேர்வு, இப்போது 20 மதிப்பெண். ஒரு காணொளித் துண்டு ஓடும், அதில் வரும் குரலைப் போலவே ஏற்ற இறக்கத்தோடு படிக்க வேண்டும். பிறகு ஒரு பாத்திரமாகிக் கேள்வி கேட்டு, வந்த பதிலை வைத்துப் பதில் சொல்ல வேண்டும். கடைசியில் ஒரு கதையைக் கேட்டுவிட்டு அதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். இங்கே "பட்"டுக்குப் பின்னால் மட்டும் கேட்டால் போதாது, கதை முழுவதும் தலையில் ஏற வேண்டும், இல்லையென்றால் சொல்ல ஒன்றும் இருக்காது. ஓர் அறையில் வரிசையாகக் கணினிகள், ஒவ்வொன்றின் முன்னும் ஒரு பிள்ளை, தலையில் ஹெட்போன். கணினி "தொடங்கலாம்" என்றதும் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பிப்பார்கள். பக்கத்துப் பிள்ளை கதையில் இரண்டு வாக்கியம் முன்னால் போயிருக்கும், பின்னால் இருப்பவள் சத்தமாகப் பேசுவாள், அந்த இரைச்சலுக்கு நடுவில் தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு, தான் கேட்ட கதையைச் சொல்லி முடிக்க வேண்டும்.